ஊசி திரும்பி வரக் கூடாது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனை விளையாட்டில், உடம்பில் குத்திக்கொள்ளும் மாயப் பச்சை ஓர் ஊசியாகத்தான் கைக்கு வரும். 2020இல் வெளிவந்த ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ புத்தகத்தில் அதற்கான விதி இருக்கிறது. பச்சை எங்கே வேண்டுமோ அந்த இடத்தில் ஊசியை அழுத்திப் பிடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். நேரம் முடிந்ததும் ஊசி மையாகக் கரைந்து தோலில் படமாக விரியும். அப்புறம் வேண்டாம் என்று தோன்றினால் அதனோடு இருக்கும் பிணைப்பை விட்டுவிடலாம். படம் மறைந்துவிடும், ஊசி பழையபடி வந்து நிற்கும். அதைப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுக்கலாம், அடுத்த ஊர்ச் சந்தையில் விற்கலாம்.

அந்த ஊசி திரும்பி வருவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எட்டு மாதம் நான் விதி எழுதி, கிழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவோம். ஒருவர் உலகத்தை வர்ணிப்பார், அவர் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை முடிவு செய்யும். 1974இல் அமெரிக்காவில் முதல் பதிப்பு வந்த நாளிலிருந்தே டிஎம் தன் மேசைக்கு ஏற்ப விதியை மாற்றிக்கொள்வது வழக்கம். எங்கள் மேசை சென்னையில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான். மாதம் இரண்டு சனிக்கிழமை. நான் டிஎம், ஆடுபவர்கள் ஐந்து பேர். அதில் பார்பேரியனாக, அதாவது முரட்டு வீரனாக, ஆடும் கல்லூரித் தம்பி ஒருநாள் கேட்டான்: “அக்கா, இவன் உடம்பு பூரா பச்சை குத்திக்கலாமா? குத்தினா ஏதாவது பவர் வருமா?”

புத்தகத்தில் இருக்கும் விதியை அப்படியே கொடுத்திருக்கலாம். கணக்காகப் பார்த்தால் அது நல்ல விதி. ஒரு கேரக்டர் ஒரே நேரத்தில் மூன்று மாயப் பொருட்களோடு மட்டுமே பிணைந்திருக்க முடியும் என்ற பொதுவான வரம்பு பச்சைக்கும் உண்டு. ஆகவே யாரும் அளவுக்கு மீறிப் பலசாலி ஆகிவிட முடியாது. பச்சை எவ்வளவு அரியதோ அவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்றும் ஒரு குறிப்பு இருக்கிறது. சாதாரணப் பச்சைக்கு ஒரு பாதம் போதும். எல்லாவற்றிலும் அரியதற்கு இரண்டு கை, மார்பு, முதுகு எல்லாம் போகும். எல்லாம் சரி. ஆனால் கழற்ற முடிகிறது என்றால் அது மோதிரம்தானே?

என் அப்பத்தாவின் இடது முழங்கையின் உட்புறத்தில் ஒன்பது புள்ளிக் கோலம் ஒன்று இருந்தது. கறுப்பும் இல்லாத பச்சையும் இல்லாத ஒரு நிறம். குத்தியபோது நறுக்கென்று இருந்திருக்கும் கோடுகள், நான் பார்த்த வயதில் ஓரம் கரைந்து, ஈரத் தாளில் எழுதின மாதிரி ஆகியிருந்தன. தோல் சுருங்கியதில் நடுப்புள்ளி ஒரு மடிப்புக்குள் போய்விடும். மடியில் படுத்துக்கொண்டு அந்த மடிப்பை விரலால் விரித்துப் புள்ளியை எண்ணிப் பார்ப்பேன். எதுக்கு இதைக் குத்திக்கிட்டே அப்பத்தா என்று கேட்டால், “செத்தா நகை நட்டெல்லாம் கழட்டிக்கிட்டுத்தானே அனுப்புவாக. கூட வர்றது இது ஒண்ணுதாண்டி” என்று சொல்லும். தமிழ்நாட்டில் மட்டும் இல்லை, இந்தியாவில் பல சமூகங்களில் பச்சையைப் பற்றி இதே நம்பிக்கை உண்டு.

எங்கள் குழுவில் ஃபைட்டராக, அதாவது போர்வீரனாக, ஆடுவது என் சித்தப்பா. அப்பத்தாவின் கடைசி மகன். பச்சைக்கு விதி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் தன் ஃபைட்டருக்கு என்ன படம் என்பதை அவர் அப்போதே முடிவு செய்துவிட்டார்.

முதல் கேள்வி, விலை. தங்கக் காசு கொடுத்து வாங்குவது என்றால் மறுபடி கடைச் சரக்குதான். உடம்பு கொடுக்க வேண்டும். முதலில் எழுதிய விதி சுலபமானது: ஒவ்வொரு பச்சைக்கும் அதிகபட்ச ஹிட் பாயிண்டில், அதாவது கேரக்டர் எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கில், 5 நிரந்தரமாகக் குறையும். இரண்டு வாரம் ஆடினோம், ஓட்டை தெரிந்தது. ஐந்தாம் லெவலில் எங்கள் பார்பேரியனுக்கு 55 ஹிட் பாயிண்ட், மந்திரவாதியாக ஆடும் என் தோழிக்கு 27. ஆளுக்கு மூன்று பச்சை குத்தினால் அவன் 40இல் ஜாலியாக நிற்பான், அவள் 12இல் ஒரே அடிக்குச் சாவாள். உடம்பைக் கொடு என்று எல்லோரிடமும் கேட்டுவிட்டு, ஒருத்தியிடம் மட்டும் பாதி உயிரைக் கேட்டிருக்கிறேன்.

அப்போதுதான் மை ஏன் தோலில் தங்குகிறது என்று படிக்கப் போனேன். மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாக வரும். அங்கே குத்தினால் சில வாரத்தில் போய்விடும். மை நிற்பது அதற்குக் கீழே, உள்தோலில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். அங்கே உடம்பு அதை வெளியாள் என்று பார்த்து மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்களை அனுப்புகிறது. அவை மையை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. விழுங்கியபடியே அங்கே நிற்கின்றன. பிரான்சில் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிகளில் இதைக் காட்டினார்கள்: அந்தச் செல் சாகும்போது மை வெளியே கொட்டுகிறது, பக்கத்தில் புதிதாக வரும் செல் அதை மறுபடி விழுங்கிக்கொள்கிறது. அப்பத்தாவின் கையில் அறுபது எழுபது வருடம் அந்தக் கோலம் இருந்தது என்றால், அத்தனை வருடமும் உடம்பு அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதைவிட நல்ல மாய விதியை யார் எழுத முடியும்?

ஆக, பச்சை உடம்பின் ஆற்றும் சக்தியில் ஒரு பங்கை எப்போதும் பிடித்து வைத்திருக்கிறது. விளையாட்டில் அதற்குச் சரியான ஒரு பொருள் ஏற்கெனவே இருக்கிறது: ஹிட் டைஸ். லெவலுக்கு ஒன்று வீதம் ஒவ்வொரு கேரக்டரிடமும் இருக்கும். சண்டைக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கும்போது அந்தப் பகடையை உருட்டிக் காயத்தை ஆற்றிக்கொள்ளலாம். என் விதியில் ஒரு பச்சைக்கு ஒரு ஹிட் டை பூட்டப்படும். இரவு முழுக்கத் தூங்கினாலும் அது திரும்பாது. பார்பேரியனுக்குப் பூட்டப்படுவது 12 முகப் பகடை, சராசரி 6.5. மந்திரவாதிக்கு 6 முகம், சராசரி 3.5. அவரவர் உடம்புக்குத் தக்க விலை. பச்சை குத்தியவர் மற்றவர்களைவிட மெதுவாக ஆறுவார், அவ்வளவுதான். ஐந்தாம் லெவலில் ஐந்து பச்சை குத்தலாம், தடை இல்லை. ஆனால் காயம் பட்டால் அந்த ஒரு மணி நேர ஓய்வில் அவர் உடம்பு ஆறவே ஆறாது. தம்பி கணக்குப் போட்டுப் பார்த்து இரண்டோடு நின்றான்.

இடத்துக்கு விதி எழுதவில்லை. கேரக்டரின் விவரம் எழுதும் ஷீட்டின் பின்பக்கத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு வெற்று மனித உருவம் அச்சடித்துக் கொடுத்தேன். வரைந்துகொள்ளுங்கள், இடம் தீர்ந்தால் தீர்ந்தது. இதற்கு மேல் ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை.

அடுத்தது சக்தி எவ்வளவு நாள் நிற்கும் என்பது. தாய்லாந்தில் நகோன் பத்தோம் மாகாணத்தில் வாட் பாங் பிரா என்ற கோவில் இருக்கிறது. சக் யந்த் எனப்படும் மந்திரப் பச்சைக்குப் பேர்போன இடம். துறவிகள் நீண்ட உலோக ஊசியால் கெமர் எழுத்தில் மந்திரங்களைக் குத்துவார்கள். வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் வாக்கில், குருவணக்க விழா நடக்கும். ஏற்கெனவே குத்திக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்து தங்கள் பச்சையின் சக்தியைப் புதுப்பித்துக்கொள்வார்கள். படம் போகாது, சக்தி தேயும், குத்திய கையிடம் திரும்பிப் போக வேண்டும். எனக்குத் தேவையான விதி இதில் முழுசாக இருந்தது.

மேசையில் அதை இப்படிக் கொண்டுவந்தேன். புதுப் பச்சைக்கு 8 முகப் பகடை. ஒவ்வொரு முறை சக்தியைப் பயன்படுத்திய பிறகும் உருட்ட வேண்டும். 1 அல்லது 2 விழுந்தால் பகடை 6 முகமாக இறங்கும், பிறகு 4 முகம், அதற்கும் பிறகு பச்சை தூங்கிவிடும். 2016இல் வந்த ‘தி பிளாக் ஹாக்’ விளையாட்டில் செலவாகித் தீரும் பொருட்களுக்கு இந்த முறை இருக்கிறது, அங்கிருந்துதான் எடுத்தேன். 8 முகத்தில் சராசரியாக 4 முறை தாங்கும், 6 முகத்தில் 3, 4 முகத்தில் 2. மொத்தம் 9 முறை. ஆனால் எந்த நிமிடத்தில் தேயும் என்று யாருக்கும் தெரியாது. நாளுக்கு மூன்று முறை என்று எழுதியிருந்தால் எல்லோரும் எண்ணிக்கொண்டு ஆடியிருப்பார்கள். இப்போது கை தானாக நிற்கிறது. ‘இதுக்குப் போய் ஆமைப் பச்சையைக் கூப்பிடணுமா?’ என்று யோசிக்கிறார்கள்.

தூங்கிய பச்சையை எழுப்ப, குத்தியவரிடமே போக வேண்டும், இல்லையென்றால் அவருடைய சீடரிடம். இந்த ஒரு வரி எங்கள் கதையையே மாற்றிவிட்டது. பிலிப்பைன்ஸில் கலிங்கா மாகாணத்துப் புஸ்கலான் கிராமத்தில் வாங்-ஓட் என்ற மூதாட்டி இருக்கிறார், 1917இல் பிறந்தவர். பம்ப்ளிமாஸ் முள்ளைக் குச்சியில் செருகி, கரிமையில் தோய்த்துத் தட்டித் தட்டிக் குத்துபவர். இந்தக் கலை ரத்த உறவுக்குத்தான் போகும் என்பது அவர்கள் மரபு. அவர் தன் பேத்தி முறையான பெண்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அதைப் படித்த பிறகு என் உலகத்தில் பச்சை குத்தும் கிழவிக்கு ஒரு பேத்தியை வைத்தேன். முன்பெல்லாம் ஒரு ஊரில் வேலை முடிந்தால் குழு திரும்பிப் பார்க்காமல் போய்விடும். இப்போது வழியில் கொள்ளைநோய் என்று சேதி வந்தால் முதலில் கேட்பது, “ஆயா நல்லா இருக்காங்களா?”

சக் யந்தில் இன்னொன்றும் உண்டு. குத்திக்கொண்டவருக்கு ஆசிரியர் சில நெறிகளைச் சொல்வார். அவற்றை மீறினால் சக்தி போய்விடும் என்பது நம்பிக்கை. திருடாதே, பொய் சொல்லாதே போன்ற பொது நெறிகளோடு, இன்ன காயைச் சாப்பிடாதே, துணி காயும் கொடிக்கு அடியில் போகாதே என்பதுபோல அன்றாடத்தில் இடறும் சின்னச் சின்னத் தடைகளும் சில மரபுகளில் இருக்கின்றன. விதி எழுதுபவருக்கு இந்தச் சின்னவைதான் பொக்கிஷம். ‘பொய் சொல்லக் கூடாது’ என்று ஒரு நோன்பு வைத்துப் பார்த்தேன். அந்தக் கேரக்டர் வாயையே திறக்காமல் போய்விட்டான், ஆட்டம் செத்துவிட்டது. ‘சமைத்தவர் சாப்பிடும் முன் நீ சாப்பிடக் கூடாது’ என்று மாற்றினேன். ஒவ்வொரு விருந்திலும் அவன் எழுந்து சமையல்கட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அரசன் வைத்த விருந்தில் விஷம் இருந்ததைக் குழு கண்டுபிடித்தது அப்படித்தான். அந்தத் திருப்பத்தை நான் திட்டமிடவே இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வழக்கத்தின் அமைப்பைத்தான் எடுத்தேன், படங்களை எடுக்கவில்லை. யந்த் ஒன்றை அப்படியே வரைந்து, இதற்கு இத்தனை புள்ளி பவர் என்று போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதை உடம்பில் வைத்துக் கும்பிடும் மனிதர்கள் இன்று உயிரோடு இருக்கிறார்கள். எங்கள் மேசையில் ஆமை, பூரான், கோலம் என்று நாங்களே வரைந்துகொண்டோம். கோலம் எங்கள் வீட்டுக் கையில் இருந்தது.

அந்தக் கோலம் எந்த மையில் குத்தப்பட்டிருக்கும்? நூறு வருடத்துக்கு முன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன், பச்சை மை செய்யும் முறையைக் குறித்து வைத்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவி, திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெய் விளக்கில் ஏற்ற வேண்டும். விளக்கின் மேல் புது மண்பானையைக் கவிழ்த்தால் உள்ளே கரி படியும். அதைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. ஊசி என்பது மூன்று நான்கு தையல் ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டியது. வேறெங்கோ போய் டிராகன் ரத்தத்தைத் தேடுவானேன்? எங்கள் உலகத்தில் ஒரு மைக்கு மூன்று பொருள் வேண்டும்: எரிய ஒரு இலை, அதைப் பிடிக்க ஒரு புதுப் பானை, குழைக்க யாராவது மனமுவந்து தரும் ஒரு துளி. மூன்றாவது விலைக்குக் கிடைக்காது. பூரான் பச்சைக்கு என் தோழியின் மந்திரவாதி, தான் சண்டை போட்டுப் பிரிந்துவந்த அம்மாவிடம் திரும்பிப் போய்க் கண்ணீர் கேட்டாள். அன்று மாலை முழுக்க அந்த ஒரு காட்சிதான் ஆடினோம். பகடையை யாரும் தொடவில்லை.

குத்தும் வேலையைக் குறவர் சமூகப் பெண்கள் ஊர் ஊராகப் போய்ச் செய்துவந்தார்கள். வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடுவார்கள். “எங்கம்மாவுக்கும் பாடினாங்களாம்,” என்றார் சித்தப்பா. “பத்து வயசுல குத்தினதாம். பாட்டு மறந்துபோச்சு, அந்தம்மா குரல் மட்டும் ஞாபகம் இருக்குன்னு சொல்லும்.”

பாட்டு விதி அங்கேதான் பிறந்தது. குத்தும் ஒவ்வொரு அமர்வுக்கும் உடல்வலிமைச் சோதனை உண்டு, எட்ட வேண்டியது 15. உடல்வலிமைக்கு +3 கூட்டிக்கொள்ளும் ஒருவர் இருபது முகப் பகடையில் 12 போட வேண்டும். 45 சதவீத வாய்ப்பு. ஆனால் குழுவில் மற்ற ஒவ்வொருவரும், குத்திக்கொள்பவரைப் பற்றித் தாங்கள் ஆட்டத்தில் கண்ணால் பார்த்த ஒன்றை ஒரு வரியாகச் சொன்னால், வரிக்கு 2 குறையும். நால்வரும் சொன்னால் 7. அதே ஆளுக்கு வாய்ப்பு 85 சதவீதம். கூட இருந்தவர்கள் பேசினால் தாங்கிவிடலாம், தனியே போனால் பாதிக்குப் பாதி. சொல்லும் வரிகளை ஷீட்டின் பின்பக்கத்தில் அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். சித்தப்பாவின் ஃபைட்டருக்கு நடந்தபோது தம்பி சொன்ன வரி: “பாலம் ஒடஞ்சப்ப நீ கடைசியா வந்தே.”

சோதனையில் தோற்றால் அமர்வு பாதியில் நிற்கும். சமோவாவில் ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை குத்திக்கொள்ளும் பெஆ பல நாள் எடுக்கும். வலி தாங்காமல் பாதியில் எழுந்து போனால் அது குறைப்பச்சை, காலத்துக்கும் அவமானம். எங்கள் ஆட்டத்தில் அவமானம் இல்லை, ஆனால் குறைப்பச்சை வேலை செய்யும், குறையோடு. தம்பியின் முதுகில் ஆமை ஏறிக்கொண்டிருந்தபோது ஓர்க் என்ற அரக்கர்கள் வந்துவிட்டார்கள். ஓடும் தலையும் முடிந்திருந்தன, கால் போடவில்லை. அடியைப் பாதியாகக் குறைக்க வேண்டிய பச்சை, குறைத்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தச் சுற்று முழுக்க அவனால் நின்ற இடத்தைவிட்டு நகர முடியவில்லை. மூன்று மாதம் கால் இல்லாத ஆமையோடுதான் ஆடினான். பிறகு கால் போட்டுக்கொள்ள வாய்ப்பு வந்தது, வேண்டாம் என்றுவிட்டான்.

சித்தப்பாவின் கோலத்துக்கு நான் வைத்த சக்தி மிகச் சின்னது. எந்த இருட்டிலும், கடைசியாகத் தூங்கி எழுந்த வாசல் எந்தப் பக்கம் என்று தெரியும். சண்டைக்கு உதவாது. அவர் அதைத்தான் வேண்டும் என்றார்.

அந்த ஃபைட்டர் போன மார்கழியில் ஒரு சுரங்கத்துக்குள் இறந்துபோனான். கேரக்டர் செத்தால் எல்லா மேசையிலும் நடப்பதுதான் எங்கள் மேசையிலும் நடந்தது. கத்தி ஒருவருக்கு, கவசம் ஒருவருக்கு, மோதிரம் மந்திரவாதிக்கு. ஐந்து நிமிடத்தில் பங்கு பிரித்தாகிவிட்டது. சித்தப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் ஷீட்டைத் திருப்பி, பின்பக்கத்துப் படத்தின் மேல் கையை வைத்து, “இதை யாரும் கழட்ட முடியாதுல்ல?” என்று என்னைக் கேட்டார். முடியாது சித்தப்பா என்றேன்.

சுரங்கத்திலிருந்து வெளியே போக வழி தெரியவில்லை. விளக்கு அணைந்துவிட்டது. அப்போது தம்பி கேட்டான்: “அக்கா, அந்தப் பாட்டுல நான் ஒரு வரி சொன்னேன்ல?”

அதற்கு விதி இல்லை. அங்கேயே எழுதினேன்: ஒரு பச்சைக்கு வரி சொன்னவர், அது யாருடையதோ அவர் இறந்தால், குத்திய கையிடம் போய் அதே படத்தைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளலாம். 4 முகப் பகடையில்தான் தொடங்கும். குத்தும் ஆள் உள்ளே இல்லாததால் அன்று அது உதவவில்லை. சுவரைத் தடவித் தடவி, மூன்று மணி நேரம் ஆடி வெளியே வந்தார்கள். வந்ததும் நேராக ஆயாவிடம் போனார்கள். அவர் கை நடுங்குகிறது என்று பேத்திதான் குத்தினாள். சித்தப்பாவிடம் இன்னும் புதுக் கேரக்டர் இல்லை, இருந்தாலும் அவரும் ஒரு வரி சொன்னார்.

குத்தி முடிந்ததும் தம்பி 4 முகப் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு, இது இப்போது யார் வாசலைக் காட்டும் என்று கேட்டான். அவனுடையதையா, செத்தவனுடையதையா? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சித்தப்பாவைப் பார்த்தேன்.

“ரெண்டையும் காட்டட்டுமே,” என்றார்.

எழுதிக்கொண்டேன்.